வீட்டு டார்க்ரூமில் பூனை: வாடையைவிடத் தரையைக் கவனியுங்கள்

பாத்ரூமையே இருட்டாக்கி டார்க்ரூமாக வைத்துக் கறுப்பு வெள்ளை ஃபோட்டோ பிரிண்ட் போடுகிறீர்கள், வீட்டில் பூனை இருக்கிறது, கெமிக்கல் வாடை அதற்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சென்னையில் பூனையோடு இருந்துகொண்டு பாத்ரூமில்தான் பிரிண்ட் போடுகிறேன்.

மூக்கைத் துளைப்பது பெரும்பாலும் ஸ்டாப் பாத், அதாவது படம் டெவலப் ஆவதை நிறுத்தும் கரைசல். நீர்த்த அசிட்டிக் அமிலம் அது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், போதும். அந்த வாடை இருக்கும்வரை பூனையே அந்தப் பக்கம் வராது. எனக்குப் பயம், தாளில் படத்தை வரவைக்கும் கரைசலான டெவலப்பர்மேல்தான். பெரிதாக வாடையே இருக்காது, ஆனால் ஹைட்ரோகுயினோன், மெட்டால் என்ற கெமிக்கல் எல்லாம் அதில்தான். இந்த மாதிரிப் பொருளை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அதன் ரத்தச் சிவப்பணுவும் சீக்கிரம் கெட்டுவிடும். பூனை அதைக் குடிக்கக்கூட வேண்டாம். மிதித்துவிட்டு வந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும்.

மே மாத வெயிலில் வீட்டிலேயே குளுகுளுவென்று இருப்பது பாத்ரூம் தரைதான். பூனை அங்கேதான் போய்ப் படுக்கும். சிவப்பு விளக்கில் சிந்தியது கண்ணுக்குத் தெரியாது. அதோடு, போர் தண்ணீர் உப்பு பூத்த டைல்ஸில் ஹைப்போ (படம் அழியாமல் நிலைக்கப் போடும் கரைசல்) காய்ந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தாலும் வழக்கமான உப்புக்கறை என்றுதான் நினைப்போம். டெவலப்பர் பழுப்பாகத் திட்டுத்திட்டாகக் காயும், அதை அடையாளம் காணலாம்.

அதனால் வேலை முடிந்ததும் வெள்ளை விளக்கைப் போட்டுத் தரையை நன்றாகக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகுதான் கதவைத் திறப்பேன். மாப் முக்கிய வாளித் தண்ணீரை அப்போதே கொட்டிவிட வேண்டும். பவுடர் கரைக்கும்போதும் பூனை வெளியே இருக்கட்டும், தூசி அதன் ரோமத்தில் படியும். மினரல் வாட்டர் பாட்டிலில் கெமிக்கல் ஊற்றி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், வீட்டில் மனிதர்களும் இருக்கிறார்கள்.

லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கு மட்டும் வாடையும் பெரிய விஷயம்தான். பறவையின் நுரையீரல் காற்றில் இருப்பதை வேகமாக இழுத்துக்கொள்ளும். பிரிண்டுக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் செபியா டோனர் சிலவற்றில் வரும் சோடியம் சல்ஃபைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை வாடையடிக்கும் விஷவாயு, கிளம்பும். கூண்டு இருக்கும் வீட்டுக்குள் அந்த டோனரே வேண்டாம் என்பேன்.

பூனை மிதித்துவிட்டதா? முதலில் துண்டில் சுற்றி நக்கவிடாமல் பிடியுங்கள். பாதத்தை வெறும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். உள்ளே போயிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காரமோ அமிலமோ திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு தடவை புண்ணாக்கும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறினால், மூச்சு வாங்கினால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்து டாக்டரோ, ராத்திரியில் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். போகும்போது டெவலப்பர் பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஃபோட்டோ கெமிக்கல்" என்று மட்டும் சொன்னால் டாக்டரால் எதையும் முடிவு செய்ய முடியாது. ஹைட்ரோகுயினோன் என்று பெயர் சொல்லுங்கள்.