மாடியில் கம்ப்யூட்டர், கூடத்தில் டிவி: பிளானை மாற்றாதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் எங்களுடையது தாத்தா காலத்து வீடு. மாடி அறை பிற்பாடு எழுப்பியது. மகனின் கேமிங் கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறது. ரவுட்டர் ரேழியில். கூடத்து டிவியில், மாடிக் கம்ப்யூட்டரில் ஓடும் விளையாட்டை அங்கே காட்டும் ஸ்டீம் லிங்க் ஆப் போட்டு அவன் விளையாடினால் படம் திக்கித் திக்கி வருகிறது, பட்டனை அழுத்தினால் தாமதமாகத்தான் வண்டி திரும்புகிறது. யூடியூப் மட்டும் அருமையாக ஓடுகிறது. நெட் போட்டவர் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்கள், வைஃபை சிக்னலைக் கூட்ட ஒரு பூஸ்டரும் வையுங்கள் என்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டீர்களே, அதுவே நல்லது.

மகன் விளையாடும்போது படம் மாடியிலிருந்து ரேழிக்கு வந்து, அங்கிருந்து கூடத்துக்குப் போகிறது. தெருவுக்கே போவதில்லை. கொல்லைக் கிணற்றில் இறைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோகிறவருக்குத் தெருக்குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்தால் என்ன? 300 அல்ல, 1000 எம்பிபிஎஸ் வாங்கினாலும் இந்தத் திக்கல் அப்படியேதான் இருக்கும். இது தெரிந்தும் பிளானை விற்கிறார்கள். புகார் கொடுத்தால் ஆள் வந்து, ரவுட்டர் பக்கத்திலேயே நின்று போனில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டி, 'சரியாக இருக்கிறது' என்று புகாரை மூடிவிட்டுப் போகிறார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதலாம் என்றால், அது தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. திரும்ப அதே கம்பெனியிடம்தான் போக வேண்டும். பணம் கட்டுகிறவர் இப்படி அலைவது எனக்குப் பொறுக்கவில்லை.

யூடியூப் ஓடுகிறதே என்றால், அது அடுத்து வரவேண்டிய படத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும். நடுவில் வைஃபை கொஞ்சம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. விளையாட்டில் அந்த வசதி இல்லை. மகன் அடுத்து எந்தப் பட்டனை அழுத்துவான் என்று யாருக்குத் தெரியும்? விநாடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொன்றும் 17 மில்லிவிநாடிக்குள் வந்தாக வேண்டும். உங்கள் வீட்டில் அந்தப் படம் காற்றில் இரண்டு முறை தாவுகிறது, நடுவில் ஒன்றரை அடிச் சுவர்கள் வேறு.

பூஸ்டர் என்று விற்கும் சின்னப் பெட்டி ஒரு கையால் வாங்கி அதே கையால் கொடுக்கிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகும், தாமதம் கூடும். போனில் சிக்னல் கோடு நிறையத் தெரிவதால் நல்லது நடந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். ஸ்டீம் லிங்க் பெட்டி என்று யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள். வால்வ் நிறுவனம் 2018லேயே அதை நிறுத்திவிட்டது. டிவியில் இருக்கும் இலவச ஆப்பே போதும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். மாடிக் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு கேட் 6 என்கிற லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். வாசலிலிருந்து கொல்லை வரை அளந்தாலும் உங்களுக்கு அவ்வளவு வராது. பாதித் தொல்லை அன்றைக்கே தீரும். முடிந்தால் டிவிக்கும் ஒன்று. டிவியின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான் என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்தாதீர்கள். ஃபுல் ஹெச்டி விளையாட்டுக்கு 20, 30 இருந்தாலே தாராளம்.

கேபிள் வாங்கும்போது கவனம். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி, அசல் செம்பு என்று தருகிறார்கள். நானே ஒரு சுருள் வாங்கி ஏமாந்திருக்கிறேன். முனையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கேபிளை முற்றம் வழியாகவோ மொட்டைமாடி வழியாகவோ திறந்தவெளியில் கொண்டுபோகக் கூடாது. சுற்றுவழியானாலும் மாடிப்படியோரமாக உள்ளேயே வரட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் விழும் இடியைச் சொல்ல வேண்டியதில்லை. நேராக வீட்டின் மேல் விழ வேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே செம்புக் கம்பியில் மின்சாரம் பாய்ந்து ரவுட்டர், கம்ப்யூட்டர், டிவி மூன்றும் போகலாம். வெளியே போயே ஆகவேண்டுமென்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் கண்ணாடி இழைக் கேபிள் போட்டு, இரு முனையிலும் ஒளியையும் மின் சிக்னலையும் மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டர் வையுங்கள். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. செலவு கூடத்தான். அதுவும் முடியாதென்றால், வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள் போட்டு, இடி தொடங்குவதற்கு முன்பே இரண்டு முனையையும் கழற்றிவிட வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் கேபிளையும் கழற்ற வேண்டும்.

அப்புறம் டிவியில், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள். ஆப்பில் 4கே வேண்டாம், 1080 வைத்தால் போதும். விளையாடும் கைப்பிடியை (கன்ட்ரோலரை) மாடிக் கம்ப்யூட்டரோடு இணைக்காமல் டிவியோடு இணைக்கச் சொல்லுங்கள்.