நிலம் தாயா, தந்தையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பரதநாட்டியம் பழகும் என் மகள், ஆடத் தொடங்குமுன் நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது ஏன் என்று ஆசிரியை சொல்லிக்கொடுத்த நாளில் இருந்து, "எல்லா நாட்டிலும் பூமி அம்மாதானா?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது? – வாசகி, கொக்குவில்

பதில்: பல நாடுகளில் அம்மாதான், ஆனால் எகிப்தில் அப்பா. பழைய எகிப்தியருக்கு நிலம் கெப் என்ற ஆண் தெய்வம், வானம் நூத் என்ற பெண் தெய்வம். பாப்பிரசுச் சுருள் ஓவியங்களில் கெப் முழங்கையை ஊன்றி, ஒரு காலை மடித்துக் கிடக்க, கைவிரல்களும் கால்விரல்களும் மட்டும் நிலத்தில் படும்படி நூத் அவருக்கு மேலே வில்லாய் வளைந்து நிற்கிறாள். நடுவே காற்றுத் தெய்வமான ஷூ கைகளை உயர்த்தி இருவரையும் பிரித்து வைத்திருக்கிறார். எகிப்திய மொழியில் நிலம் ஆண்பாற் சொல், வானம் பெண்பாற் சொல் என்பது ஒரு காரணம். மழை அரிதான அந்த நாட்டில் பயிருக்கு வேண்டிய நீர் வானத்தில் இருந்து இறங்காமல், நைல் வெள்ளமாக நிலத்தின் மேலேயே பரவி வந்ததையும் ஆய்வாளர் சிலர் காட்டுவர். இந்த இரண்டாவது காரணமே என் மனத்துக்கு நெருக்கமானது. ஏனெனில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லாத நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஐப்பசி கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணறு ஊறும். வானத்தைத் தந்தையாகவும் நிலத்தைத் தாயாகவும் வேதம் பாடியது இங்கே நமக்கு எளிதாகவே விளங்குகிறது.

நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கும் ரங்கி வானத்தந்தை, பாப்பா நிலத்தாய். இறுகத் தழுவிக் கிடந்த இருவருக்கும் இடையே இருளில் நெரிபட்ட பிள்ளைகளில், காட்டுக்குரிய தெய்வமாகிய மகன் மல்லாந்து படுத்து, கால்களால் உந்தி வானத்தை மேலே தள்ளினான். அன்று தொட்டு மழை ரங்கியின் கண்ணீர். மண்ணில் இருந்து எழும் மூடுபனி பாப்பாவின் பெருமூச்சு. மகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

கேள்வி: கிணறு வெட்டத் தொடங்குமுன் என் அப்பு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிலத்தைக் கும்பிடுவார். இது நமது வழக்கம் மட்டுமா? – வாசகர், சாவகச்சேரி

பதில்: நிலம் தாயா தந்தையா என்பதில் வேறுபட்ட மக்களும், அதைத் தொடுமுன் தயங்கியதில் ஒன்றுபடுகிறார்கள். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டில், உழவு தொடங்கும் ஆகஸ்ட் மாதத்தில், பச்சமாமா என்ற நிலத்தாய்க்கு மண்ணில் குழி தோண்டிக் கொக்கோ இலைகளையும் சோளத்தில் வடித்த சிச்சா என்ற பானத்தையும் படைப்பார்கள். மேற்கு ஆபிரிக்காவின் கானா நாட்டில் வாழும் அசாந்தி மக்களுக்கு வியாழக்கிழமை நிலத்தாய் அசாசே யாவின் நாள். அன்று மண்ணைக் கொத்துவது வழக்கமில்லை. ஒடிசாவில் ஆனி மாதப் பிறப்பையொட்டி வரும் 'ரஜ' என்ற பண்டிகையின் மூன்று நாட்களும் பூமித்தாய்க்கு மாதவிலக்கு நாட்களாகக் கருதப்படுவதால், ஏர் பூட்டாமல் அவளை ஆற விடுகிறார்கள். சோறு வடித்த கஞ்சியைச் சுடச்சுட நிலத்தில் ஊற்றவிடாத என் அம்மம்மாவுக்கு இந்த மக்களில் எவரையும் தெரியாது. ஆனால் "அவவுக்குச் சுடும், ஆறவிட்டு ஊற்று" என்று அவர் சொன்னதை அவர்கள் எல்லோரும் விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: தமிழ் இலக்கியம் நிலத்தை எப்போதும் தாயாகவே பார்த்ததா? – வாசகர், பருத்தித்துறை

பதில்: இல்லை, மனைவியாகவும் பார்த்தது. இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி, திருமகளைப் போலவே 'பெருநிலச் செல்வி'யும் அவனுக்கே உரிமையானாள் என்று தொடங்குகிறது. வள்ளுவரோ மன்னனை விட்டு உழவனிடம் வருகிறார்.

செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து
இல்லாளின் ஊடி விடும். (1039)

நிலத்துக்குரியவன் நாளும் போய்ப் பாராமல் இருந்துவிட்டால், அது மனைவியைப் போல அவனோடு ஊடிவிடும் என்கிறார். காணிக்காரர் வெளிநாட்டில் இருக்க, படலை சாய்ந்து, கிணற்றுக்கட்டு வரை பார்த்தீனியம் மூடிக் கிடக்கும் ஒரு வளவு எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் இந்தக் குறளே எனக்கு நினைவுக்கு வரும்.