வீட்ல இன்னும் சொல்லலையா?

அன்புள்ள அக்கா,

அடுத்த ஜூலைல மத்திய ஆசியாவுல இருக்குற பாமிர் மலை ரோட்ல தனியா பைக் ஓட்டப் போறேன். கிர்கிஸ்தான்ல ஓஷ்ல ஆரம்பிச்சு முதல் நாளே எல்லை தாண்டி தஜிகிஸ்தான்ல முர்காப், அப்புறம் கோரோக், கடைசில அந்த நாட்டு தலைநகர் துஷான்பே. எக்செல்ல எல்லாம் போட்டாச்சு. என் வண்டியவே கார்கோல அனுப்பலாமா, அங்க வாடகைக்கு எடுக்கலாமா? வண்டில சாமான் வைக்க அலுமினியப் பெட்டியா துணிப் பையா? இன்டர்நேஷனல் லைசென்ஸ் எது எடுக்கணும்? வீட்ல இன்னும் சொல்லல, அம்மா பயப்படுவாங்க, போய் சேர்ந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கேன்.

உங்க வாசகன்

அன்புள்ள தம்பி,

வண்டி விஷயத்த முதல்ல முடிச்சிடுறேன். வாடகைக்கே எடு. ஆனா வண்டி உன் பேர்ல இருக்காது, அதனால எல்லை தாண்ட ஓனர் எழுதிக் குடுக்குற அதிகாரப் பத்திரம் வேணும், அத வண்டி புக் பண்ணும்போதே கேட்டுக்கோ. துணிப் பை போதும். லைசென்ஸ்ல 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒண்ணு இருக்கு, ஒரு வருஷம் செல்லும், 1968 வியன்னா ஒப்பந்தப்படி இன்னொண்ணு, அது அதிகபட்சம் மூணு வருஷம். நீ போற ரெண்டு நாடும் எத ஏத்துக்குதுன்னு பாத்து எடு, மோட்டார்சைக்கிள் பிரிவுக்கு சீல் விழுந்திருக்கான்னு ஆபீஸ விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பாரு. அவ்வளவுதான், இதெல்லாம் எங்க தேடினாலும் கிடைக்கும்.

ஓஷ்லேருந்து ஒரே நாள்ல முர்காப்னு எழுதியிருக்கியே, அதப் படிச்சதும் எனக்கு கோவம்தான் வந்துச்சு. தூரம் நானூறு கிலோமீட்டர் சொச்சம், அது எக்செல்ல ஒரு வரில அடங்கிடும். ஓஷ் சுமார் 1,000 மீட்டர் உயரத்துல இருக்கு. சாரி-தாஷ் வந்தா 3,100 தாண்டிடும், எல்லைல கிசில்-ஆர்ட் கணவாய் 4,280, அப்புறம் அக்-பைத்தால் 4,655, இத்தனையும் ஏறி இறங்கி முர்காப்ல 3,600 மீட்டர்ல போய் படுக்கணுங்கற. 2,500 மீட்டருக்கு மேல போனாலே உயர நோய் வரலாம், தலைவலி, வாந்தி, அத விட மோசம் யோசிக்கிற புத்தி மந்தமாகும், கிராவல் ரோட்ல கனமான வண்டிய ஓட்டுறவனுக்கு அதுதானே முதல்ல வேணும். ரூட்ட அப்படியே திருப்பிப் போடு. துஷான்பேல ஆரம்பி, கோரோக் 2,100 மீட்டர் பக்கம், அங்க ரெண்டு ராத்திரி தூங்கு, அப்புறம் மேல ஏறு. இன்னொண்ணு, கிர்கிஸ்தான் தஜிகிஸ்தான் எல்லை 2021ல சண்டையில மூடி 2025ல தான் திறந்தாங்க, அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அங்க நிலைமை என்னன்னு ஒரு தடவ பாத்துடு.

சரி, இப்போ உன் கடைசி வரிக்கு வரேன், உனக்கு பதில் எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

என் தம்பியும் இதே ரோட்டுக்குத்தான் போனான். வீட்ல சொல்லிட்டுதான் போனான், ஆனா எப்போ கூப்பிடுவான்னு சொல்லல. "சிக்னல் கெடச்சா கூப்பிடுறேன்"ன்னு ஒரு வார்த்தை. அங்க ஊருக்கும் ஊருக்கும் நடுவுல நூறு கிலோமீட்டர் வெறும் மலை, சிக்னலே கிடையாதுன்னு எனக்குத் தெரியும், அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவங்க போன் பழசு, சார்ஜ் நிக்காது, ஒயரு வேற குட்டை, அதனால ஸ்விட்ச் போர்டுக்குக் கீழ தரையிலயே உக்காந்திருந்தாங்க, குளிக்கப் போறப்ப என்னக் கூப்பிட்டு அதே எடத்துல உக்கார வச்சுட்டுப் போவாங்க. அவன் வண்டில கிளட்ச் போயி ஒரு வீட்ல தங்கி பார்ட்ஸுக்குக் காத்துட்டு இருந்தான், நல்லா சந்தோஷமா இருந்தான். கடைசில கூப்பிட்டப்போ அம்மா அவன் குரல மட்டும் கேட்டுட்டு போன என்கிட்ட குடுத்துட்டு, நட்டநடு மத்தியானத்துல போய் படுத்துத் தூங்கிட்டாங்க. எனக்கு அவன அறையணும் போல இருந்துச்சு, இன்னிக்கும் அத நெனச்சா கோவம் வருது.

நீ அந்த ஒரு வார்த்தை கூட சொல்லாம போறேங்கற. பயப்படுவாங்கன்னு சொல்றியே, பயப்படட்டுமே, அவங்க பிள்ளைக்காக பயப்பட அவங்களுக்கு உரிமை இல்லையா? உண்மையில அவங்க பயத்த உக்காந்து கேக்க உனக்குத்தான் தைரியம் இல்ல, 4,600 மீட்டர் ஏறத் தயாரா இருக்குற உனக்கு அம்மா முன்னாடி அரை மணி நேரம் உக்கார முடியல.

நீ கண்டிப்பா ஒரு சாட்டிலைட் மெசேஞ்சர் எடுத்துட்டுப் போகணும், சிக்னல் இல்லாத எடத்துலேருந்தும் ரெண்டு வரி அனுப்பலாம். (வாங்குறதுக்கு முன்னாடி போற வழில இருக்குற எல்லா நாட்டு சட்டமும் பாரு, இந்தியாவுல அனுமதி இல்லாம வச்சிருந்தா கைது பண்ணுவாங்க, ஃபிளைட் மாறும்போது பிடிபட்டவங்க இருக்காங்க.) அதுல அவசர உதவிக்கு இருக்குற எஸ்ஓஎஸ் பட்டன அழுத்தினா 24 மணி நேர கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும், அவங்க அந்த நாட்டு மீட்புக் குழுவுக்குச் சொல்வாங்க, கூடவே நீ பதிவு பண்ணி வச்ச அவசர நம்பருக்கும் கூப்பிடுவாங்க. அந்த நம்பர் யாரோடது? அம்மாவோடதுன்னா, நீ ஆபீஸ் வேலையா எங்கயோ போயிருக்கேன்னு நம்பிட்டு இருக்குறவங்களுக்கு, தெரியாத பாஷை உச்சரிப்புல ஒருத்தர் கூப்பிட்டு, உங்க மகன் தஜிகிஸ்தான் மலைல விழுந்துட்டார், அவருக்கு ஏதாவது மருந்து அலர்ஜி உண்டான்னு கேப்பாங்க. இதத்தான் நீ பிளான் பண்ணியிருக்க தம்பி, எக்செல்ல இது வரல, அவ்வளவுதான்.

இன்சூரன்ஸும் அப்படியே. நிறைய டிராவல் பாலிசில 125 சிசிக்கு மேல பைக்குக்கு கவர் கிடையாது, சிலதுல உயரத்துக்கும் வரம்பு உண்டு, சரியான லைசென்ஸ் இல்லன்னா க்ளெய்ம் செல்லாது. மலைலேருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற செலவு சேர்ந்த பாலிசியா எடு. எடுத்துட்டு அத உன் போன்லயே வச்சிருந்தா என்ன பிரயோஜனம், விழும்போது போனும் சேர்ந்துதான் விழும். பாலிசி நம்பர், அவங்க அவசர நம்பர், பாஸ்போர்ட் காப்பி, ரத்த வகை, எந்த ராத்திரி எந்த ஊர், எத்தன மணி நேரம் உன்கிட்டேருந்து சேதி வரலன்னா யாருக்குக் கூப்பிடணும், இத்தனையும் வீட்ல ஒரு ஆள் கைல காகிதத்துல இருக்கணும். அந்த மணிக்கணக்க நீயா முடிவு பண்ணாத, அம்மாகிட்ட கேட்டு வை. அவங்க பன்னெண்டு மணி நேரம்னா பன்னெண்டு, உனக்கு அது தொல்லையா இருந்தாலும் சரி.

மேப்ப அவங்க முன்னாடி விரிச்சு வச்சு சொல்லு. எல்லையில ஓடுற பஞ்ச் ஆத்துக்கு இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான் ஊர்கள் தெரியும்னு காட்டு, நீ ஏன் அங்க போகணும்னு ஆசப்படுறன்னு அவங்களுக்குத் தெரியட்டும். அழுவாங்க, திட்டுவாங்க, ரெண்டு நாள் பேசமாட்டாங்க. அப்புறம் அவங்களே நைட்டு அங்க குளிருமான்னு கேப்பாங்க, ஜூலைலயும் மேல குளிரும், உண்மையச் சொல்லு.

டிக்கெட் இன்னும் போடலன்னா போடாத. இந்த வாரம் வீட்ல பேசிட்டு, ரூட்டையும் திருப்பிப் போட்டுட்டு எனக்கு எழுது, மத்த சாமான் லிஸ்ட்ட அப்போ பாக்கலாம்.

அன்புடன்,
அக்கா