வயசானவங்களுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சா பெரிய வலி மருந்து கொடுக்கக் கூடாதா?

கேள்வி இதுதான்: 78 வயது அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, வயதானவர் என்பதால் பெரிய வலி மருந்து தர முடியாது என்று எமர்ஜென்சியில் சொல்கிறார்கள், சரியா?

சரியில்லை. கொடுக்கலாம், கொடுத்தே ஆகணும். வயதானவர் என்றால் அளவைக் குறைக்கணும், கூடவே நின்று கவனிக்கணும். மருந்தே தராமல் இருக்க அது காரணம் ஆகாது. ராத்திரியில் ஆள் தெரியாமல் பேசுவதும் ட்ரிப்ஸைப் பிடுங்குவதும் மருந்தால்தான் வரும் என்று பயப்படுகிறார்கள். வலியை அப்படியே விட்டாலும் அதே குழப்பம் வரும்.

நீங்கள் பாபநாசம், திருத்துறைப்பூண்டி பக்கம் ஏதோ தாலுகா ஆஸ்பத்திரியில், தஞ்சாவூருக்கு அனுப்புவார்களா திருவாரூருக்கு அனுப்புவார்களா என்று காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் நாம் இடுப்பு எலும்பு முறிவு என்று சொல்கிற, தொடை எலும்பின் மேல்முனை முறிவுதான். சிலருக்கு முட்டியில் மட்டும் வலிக்கும், முட்டியைப் படம் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். காலை நேராக்க முயல வேண்டாம். முட்டிக்கு அடியில் ஒரு தலையணை, இரண்டு காலுக்கும் நடுவில் ஒன்று. கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்; நடுவில் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு அடியில் நுழையும் ஸ்ட்ரெச்சரைக் கேளுங்கள். எண்ணெய் போட்டு உருவிக் கட்டுப் போடுகிறவரிடம் போக வேண்டாம். நாட்டு வைத்தியத்தை இழிவுபடுத்துகிறான் என்று யாராவது வருவீர்கள். மணிக்கட்டு முறிவைப் பற்றி நான் பேசவில்லை. இந்த முறிவு கட்டுக்குள் அடங்காது, உருவினால் உடைந்த முனைகள் உரசும்.

எமர்ஜென்சியில் நடக்கும் முதல் தப்பு, எக்ஸ்ரே முடியட்டும் அப்புறம் வலிக்குப் பார்க்கலாம் என்பது. எக்ஸ்ரே மேசைக்கு மாற்றுவதும் காலைத் திருப்புவதும்தான் அன்றைக்கே பெரிய வலி. மருந்து அதற்கு முன்னால் போகணும். பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் அரசு அமைப்பான நைஸின் (NICE) வழிகாட்டுதல் 2011-இலேயே இதைத் தெளிவாகச் சொன்னது: வந்ததும் வலியைக் கேள், முதல் மருந்து கொடுத்து 30 நிமிடத்துக்குள் திரும்பக் கேள், வார்டில் நிலைப்படும்வரை மணிக்கு ஒரு தடவை கேள். மறதி நோய் உள்ளவர் சொல்ல மாட்டார். முகச் சுளிப்பு, முனகல், தொட்டால் கையைத் தட்டிவிடுவது, இவைதான் அவர் சொல்லும் பதில்.

அடிப்படை மருந்து பாரசிட்டமால் ட்ரிப்ஸ். 100 மி.லி பாட்டிலில் 1 கிராம், 15 நிமிடத்தில் ஏற்றணும். எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் கிலோவுக்கு 15 மி.கி. நம் பக்கத்துப் பாட்டிகள் பலர் 40 கிலோதான் இருப்பார்கள். அவர்களுக்கு 600 மி.கி, அதாவது 60 மி.லி. முழு பாட்டிலையும் விடக்கூடாது. 6 மணிக்கு ஒரு தடவை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் போகணும். வீட்டில் கொடுத்த டோலோவும் பாரசிட்டமால்தான், அதையும் கணக்கில் சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக் ஊசிதான் என் எரிச்சல். யார் விழுந்து வந்தாலும் இடுப்பில் ஒரு டைக்ளோ, "ஊசி போட்டாச்சு". ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்து, தண்ணீர் குடிக்காமல், பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிற 78 வயது உடம்பில் அது கிட்னியைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக் கசிவு வரவைக்கும். நைஸும் இவ்வகை மருந்தை இங்கே பரிந்துரைக்கவில்லை. டிராமடால் வாந்தியும் குழப்பமும் தரும். வலிப்பு நோய் இருந்தாலோ மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டாலோ தவிர்க்கணும்.

பாரசிட்டமால் போதாவிட்டால் பெரிய வலி மருந்தான மார்ஃபின்: ரத்தக்குழாய் வழியாக 1 அல்லது 2 மி.கி, 5 முதல் 10 நிமிடம் பொறுத்து, மூச்சையும் விழிப்பையும் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி. கிட்னி சரியில்லை என்றால் ஃபென்டனைல் 25 மைக்ரோகிராம். சின்ன ஆஸ்பத்திரிகளில் மார்ஃபின் இருக்காது, போதைப்பொருள் சட்டச் சிக்கல் என்பார்கள். மருத்துவத் தேவைக்காக அந்தச் சட்டத்தை 2014-இலேயே திருத்தி எளிதாக்கிவிட்டார்கள். அலமாரிதான் இன்னும் காலி.

இதையெல்லாம் விட நல்லது நரம்புத் தடுப்பு ஊசி, ஃபேசியா இலியாக்கா பிளாக்: தொடையின் மேல்பக்கத்தில் போட்டு வலி நரம்புகளை மரத்துப்போக வைப்பது. அம்மாவுக்கு இதைப் போடுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். மயக்க மருந்து டாக்டர்தான் வேண்டும் என்றில்லை, பயிற்சி எடுத்த டூட்டி டாக்டரே போடலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக. இடுப்பின் முன்பக்க மேல் எலும்பு முனையிலிருந்து அந்தரங்க எலும்பின் மேட்டுக்கு ஒரு கோடு. அதை மூன்றாகப் பிரித்து, வெளிப்பக்க மூன்றிலொரு பங்கு முடிகிற புள்ளியிலிருந்து 1 செ.மீ கீழே குத்தணும். தொடை நாடித்துடிப்பு உள்பக்கம் தள்ளி இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள். மொட்டை முனை ஊசியில் இரண்டு தடவை 'டப்' என்று தெரியும், இறுக்கித் தைத்த இரண்டு துணியைத் துளைப்பது போல. அல்ட்ராசவுண்ட் இருந்தால் இந்த ஊகமே வேண்டாம். மரத்துப்போக வைக்கும் மருந்தான பூபிவாகெய்ன் 0.5% 20 மி.லியோடு அதே அளவு சலைன் சேர்த்தால் 0.25% 40 மி.லி, மொத்தம் 100 மி.கி. உச்சவரம்பு கிலோவுக்கு 2 மி.கி, ஆகவே 40 கிலோ பாட்டிக்கு 32 மி.லியைத் தாண்டக்கூடாது. முதுகில் போடும் 'ஹெவி' ஆம்பூலை எடுத்துவிடாதீர்கள். 5 மி.லிக்கு ஒரு தடவை பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா பாருங்கள். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, காதில் இரைச்சல், வலிப்பு என்றால் உடனே நிறுத்தி முறிமருந்தான 20% லிப்பிட் (கொழுப்புத் திரவம்) கிலோவுக்கு 1.5 மி.லி ரத்தக்குழாயில். அது பக்கத்தில் இல்லாத இடத்தில் பிளாக் போட வேண்டாம்.

பிளாக் 'வேலை செய்யல' என்பவர்கள் பெரும்பாலும் பொறுக்கவில்லை. 20, 30 நிமிடம் ஆகும். இன்னொரு காரணம், 10 மி.லி மட்டும் போட்டுவிட்டு எதிர்பார்ப்பது. இது அளவு பரவி வேலை செய்யும் ஊசி. மூட்டின் பின்பக்க நரம்புகளுக்கு இது எட்டாது, அதனால் பாரசிட்டமாலை நிறுத்தக்கூடாது. எந்தக் கால், எத்தனை மணி, எத்தனை மி.கி என்று ரெஃபரல் சீட்டிலேயே எழுதணும். இல்லையென்றால் அடுத்த ஆஸ்பத்திரியில் மேலும் ஒரு முழு டோஸ் போய்விடும்.

காலில் எடை தொங்கவிடும் டிராக்‌ஷன் அறுவைக்கு முன் வலியைக் குறைக்கிறது என்று ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. வயதானவர் தோலைத்தான் உரிக்கும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தராமல் போடுவதும் தேவையில்லை. அறுவை நேரம் முடிவானால் திட உணவு 6 மணி, தெளிந்த தண்ணீர் 2 மணி முன்பு நிறுத்தினால் போதும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பிளாக் பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம் நிற்கும். மாலை 6 மணிக்குப் போட்டிருந்தால் நடு ராத்திரிக்குப் பிறகு இறங்கும், அப்போது வார்டில் கேட்க ஆள் குறைவு. 12 மணி பாரசிட்டமால் போனதா என்று நீங்களே நர்ஸிடம் கேளுங்கள். தொடை மரத்திருக்கும்வரை பாத்ரூமுக்குக்கூட எழுந்து நிற்க விடாதீர்கள்.