கை வேண்டும், ஆள் வேண்டாம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவின் டெலானோவில் 1965-இல் பிலிப்பினோ, மெக்சிகப் பண்ணைத் தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஃப்ரெஸ்னோவுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. 99-ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது முகத்தில் துணி கட்டிக்கொண்டு வயலில் குனிந்து வேலை செய்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதன் பின்னால் இனப்பாகுபாடும் இருந்தது என்று நீங்கள் எழுதியதை அலுவலக நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மெக்சிகர்கள் அமெரிக்கச் சட்டப்படி எப்போதுமே வெள்ளையர்கள்தான், அப்புறம் எங்கிருந்து இனப்பாகுபாடு வரும் என்கிறார். அவர்கள் கூலிக்காகத் தாமாக வந்தவர்கள், யாரும் பிடித்து வரவில்லை, பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸே எல்லை தாண்டி வந்தவர்களை எதிர்த்தவர்தானே என்றும் கேட்கிறார். ஆகவே இது வெறும் முதலாளி-தொழிலாளி பிரச்சினை, நிறம், இனம் எல்லாம் பின்னால் ஒட்டப்பட்டது என்பது அவர் முடிவு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ச., ஃப்ரெஸ்னோ

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சொல்வதில் ஒன்று உண்மை. 1848-இல் அமெரிக்காவோடு நடந்த போரில் மெக்சிகோ தோற்றுப் பாதி நாட்டை இழந்தபோது எழுதப்பட்ட உடன்படிக்கை, அங்கேயே தங்கிவிட்ட மெக்சிகர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை தந்தது. அந்தக் காலத்தில் வெளியிலிருந்து வருபவர்களில் வெள்ளையர்தான் குடிமகனாக முடியும் என்று சட்டம் இருந்ததால், மெக்சிகர்களையும் காகிதத்தில் வெள்ளையர் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் ‘மெக்சிகர்’ என்று தனி இனமாக எழுதினார்கள், எதிர்ப்பு வந்ததும் அடுத்த முறை எடுத்துவிட்டார்கள். இது வரையில் சரி.

ஆனால் அந்தக் காகிதம் அவர்களுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். டெக்சாஸில் ஜாக்சன் கவுண்டி என்று ஒரு இடம், கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. பீட் ஹெர்னாண்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளி மீது அங்கே ஒரு கொலை வழக்கு. அந்தக் கவுண்டியில் நூற்றுக்குப் பதினான்கு பேர் மெக்சிக வம்சாவளி, ஆனால் இருபத்தைந்து வருடங்களாக ஜூரியில் ஒரு மெக்சிகப் பெயர்கூட இல்லை. இது பாகுபாடு என்று அவருடைய வழக்கறிஞர்கள் கஸ் கார்சியாவும் கார்லோஸ் காடேனாவும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டெக்சாஸ் அரசு அங்கே சொன்ன பதில்தான் உங்கள் நண்பர் சொல்வது: சட்டப் பாதுகாப்பு எல்லோருக்கும் சமம் என்று சொல்லும் பதினான்காவது அரசியல் சாசனத் திருத்தம் வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டு வகுப்பைத்தான் பார்க்கிறது, மெக்சிகர்கள் வெள்ளையர்கள், ஜூரியில் இருப்பவர்களும் வெள்ளையர்கள், பிறகு என்ன குறை? 1954 மே 3-ஆம் தேதி நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு விவரம் வருகிறது, அதை ஒரு முறை படித்தால் மறக்காது. வழக்கு முதலில் நடந்த ஜாக்சன் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் எந்தப் பலகையும் இல்லை. இன்னொன்றில் ‘கறுப்பு ஆண்கள்’ என்று ஆங்கிலத்திலும், அதன் கீழே ‘ஆண்கள் இங்கே’ என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. மெக்சிகர் வெள்ளையர் என்று உள்ளே வாதம் நடந்துகொண்டிருந்த அதே கட்டடத்தில்.

காகிதத்தில் இருந்த வெண்மை ஒரு நீதிமன்றத்தில் உதவியதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் மெக்சிகப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைத்திருந்தார்கள். மெண்டெஸ் குடும்பமும் வேறு சிலரும் வழக்குப் போட்டு 1947-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். எப்படி? செவ்விந்தியப் பிள்ளைகளையும் சீன, ஜப்பானியப் பிள்ளைகளையும் பிரித்து வைக்கத்தான் மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தது, மெக்சிகர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, சட்டம் அனுமதிக்காமலேயே அத்தனை வருடம் பிரித்து வைத்திருந்தார்கள். சட்டம் இல்லாததால் பாகுபாடு இல்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது கேள்வி, தாமாகத்தானே வந்தார்கள் என்பது. இதற்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த டில்லிங்ஹாம் ஆணையம் 1911-இல் குடியேறிகள் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்று தந்தது. மெக்சிகர் குடிமகனாக இருப்பதைவிடக் கூலியாளாக இருப்பதே விரும்பத்தக்கது என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கிறது. அடுத்த அரை நூற்றாண்டு நடந்த எல்லாமே இந்த ஒரு வரியின் விரிவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1924-இல் தெற்கு, கிழக்கு ஐரோப்பியரை இன அடிப்படையில் ஒதுக்கீடு வைத்துத் தடுத்தார்கள், ஆசியர்களை அடியோடு நிறுத்தினார்கள், மெக்சிகோ உட்பட மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு மட்டும் ஒதுக்கீடு வைக்கவில்லை. பண்ணை முதலாளிகள் வாஷிங்டனுக்குப் போய் வாதாடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர்கள் சொன்னது இரண்டு: குனிந்து செய்கிற வேலைக்கு இவர்கள் உடம்பு பழகியது, அறுவடை முடிந்ததும் புறாவைப் போலத் தம் கூட்டுக்குப் போய்விடுவார்கள், இங்கே தங்கி நம்மோடு கலக்க மாட்டார்கள். ஒரு ஆளின் கூலியைக் குறைப்பதற்கு அவன் முதுகைப் பற்றி ஒரு இனக் கதை தேவைப்பட்டது. உங்கள் நண்பர் கூலியை ஒரு பக்கமும் இனத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பேசுகிறார், இங்கே இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு புரி.

போகவில்லையென்றால் என்ன செய்வது? 1930-களில் பொருளாதார மந்தம் வந்தது, வேலை போயிற்று. 1931 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலஸில் லா பிளாசிட்டா பூங்காவை அதிகாரிகள் வளைத்து, அங்கே உட்கார்ந்திருந்த சுமார் 400 பேரைப் பிடித்துக் காகிதம் கேட்டார்கள். அது ஊர் முழுக்கப் பயத்தைக் கிளப்பவே செய்யப்பட்டது. அந்தப் பத்து வருடத்தில் ரயிலேற்றி அனுப்பப்பட்டவர்களும் பயந்து தாமாகக் கிளம்பியவர்களும் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் கணிசமானவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகள். மெக்சிகோவைக் கண்ணால் பார்த்திராதவர்கள், ‘சொந்த ஊருக்கு’ அனுப்பப்பட்டார்கள். கலிஃபோர்னியா இதற்கு 2005-இல்தான் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது.

பத்தே வருடத்தில் போர் வந்ததும் அதே ஆட்கள் மறுபடி தேவைப்பட்டார்கள். 1942 ஆகஸ்டில் இரு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. பிராசெரோ திட்டம் என்பார்கள். ‘பிராசோ’ என்றால் ஸ்பானிய மொழியில் கை, பிராசெரோ என்றால் கையால் உழைப்பவர். 1964 வரை 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின, ஒரே ஆள் பல முறை வந்து போனதையும் சேர்த்து. ஆள் எடுக்கும் முகாமில் உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பார்கள், காய்ப்பு இருந்தால்தான் எடுப்பார்கள். பிறகு உடை களையச் சொல்லிச் சோதனை, டிடிடி பூச்சிமருந்துப் பொடி. லெனார்ட் நாடெல் என்ற புகைப்படக்காரர் 1956-இல் டெக்சாஸின் ஹிடால்கோவில் எடுத்த படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். முகமூடி போட்ட ஒருவர் வரிசையாக நிற்கும் ஆண்கள் மேல் மருந்து அடிக்கிறார். முகமூடி அடிப்பவருக்குத்தான், நிற்பவர்களுக்கு இல்லை. இது புதிதாக வந்த பழக்கமும் அல்ல. 1917 ஜனவரியில் எல் பாசோ பாலத்தில் வீட்டுவேலைக்குத் தினமும் எல்லை தாண்டிப் போய்வந்த கார்மெலிட்டா டோரஸ் என்ற 17 வயதுப் பெண், பேன் மருந்து என்று சொல்லிக் கட்டாயப்படுத்திய பெட்ரோல் குளியலுக்கு மாட்டேன் என்று டிராமை நிறுத்தினாள், நூற்றுக்கணக்கான பெண்கள் அவள் பின்னால் நின்றார்கள். ஆனாலும் குளியல் நிற்கவில்லை, பல வருடங்கள் தொடர்ந்தது.

டெக்சாஸுக்கு மட்டும் முதல் சில வருடங்கள் பிராசெரோக்களை அனுப்ப மாட்டேன் என்று மெக்சிக அரசு சொல்லிவிட்டது. அங்கே மெக்சிகர்களை ஓட்டலில் உட்கார விடுவதில்லை என்பதுதான் காரணம். ஆட்கள் வேண்டுமே என்று 1943-இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது: வெள்ளை இனத்தவர் எல்லோருக்கும் பொது இடங்களில் சம உரிமை உண்டு. கறுப்பர்களை வெளியே நிறுத்தியபடியே மெக்சிகர்களை உள்ளே விடுவதாகச் சொல்லும் வாசகம். மீறினால் தண்டனை என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மெக்சிக அரசு நம்பவில்லை, தடை நீடித்தது. பாகுபாடு இல்லை என்று உங்கள் நண்பர் சொல்லலாம், பருத்தி எடுக்க ஆள் இல்லாமல் நின்ற டெக்சாஸே அப்போது அப்படிச் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதானே வந்தார்கள் என்றால், ஆமாம், கையெழுத்துப் போட்டார்கள். ஒரு முதலாளியோடு கட்டிப்போடும் கையெழுத்து. சோறு சரியில்லை, கூலியில் பிடிக்கிறான் என்று வாயைத் திறந்தால் திருப்பி அனுப்பிவிடலாம், அடுத்த வருடம் பெயர் வராது. திட்டத்தின் முதல் வருடங்களில் கூலியில் பத்து சதவீதம் சேமிப்பு என்று பிடித்து மெக்சிக வங்கிகளுக்கு அனுப்பினார்கள். பலருக்கு அது கைக்கு வரவே இல்லை. இந்தப் பாவத்தில் மெக்சிக அரசுக்கும் பங்குண்டு. கிழவர்களாகி 2000-க்குப் பிறகும் அந்தப் பணத்துக்காக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அந்தக் குட்டை மண்வெட்டி. ‘எல் கோர்டிட்டோ’ என்பார்கள், குட்டையானது என்று பொருள். கலிஃபோர்னியாவில் சாலினாஸ் பக்கம் லெட்டூஸ் கீரை வயலில் பயிர் கலைக்கவும் களையெடுக்கவும் இதைத்தான் கொடுப்பார்கள், கைப்பிடி இரண்டு அடிக்கு மேல் போகாது. நீளக் கைப்பிடி இருந்தால் வேலை சுத்தமாக வராது என்பது முதலாளிகளின் வாதம். தொழிலாளர்கள் வேறு காரணம் சொன்னார்கள்: யார் நிமிர்ந்து நிற்கிறான் என்று மேஸ்திரி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். முப்பது வயதில் முதுகுத்தண்டு போனவர்களின் வாக்குமூலங்களோடு வழக்கு நடந்து, 1975-இல் கலிஃபோர்னியாவில் அதைத் தடை செய்தார்கள். லெட்டூஸ் இன்றும் அங்கே விளைந்துகொண்டுதான் இருக்கிறது. ‘குனியப் பழகிய உடம்பு’ என்று 1920-களில் பேசியது எங்கே போய் முடிந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் விட்டுத்தான் வைத்தது. 1935-இல் சங்கம் சேரும் உரிமைச் சட்டம், 1938-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இரண்டிலிருந்தும் பண்ணைத் தொழிலாளர்களை விலக்கினார்கள். தெற்கு மாநிலக் கறுப்பர்களை மனதில் வைத்துச் செய்தது என்பார்கள் வரலாற்றாசிரியர்கள், அந்த வலையில் மேற்கே மெக்சிகர்களும் பிலிப்பினோக்களும் விழுந்தார்கள். ஓவர்டைம் விலக்கு கூட்டாட்சிச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது.

சாவேஸ் விஷயம். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. வேலைநிறுத்தம் நடக்கும்போது எல்லை தாண்டி வந்தவர்களை முதலாளிகள் கருங்காலிகளாக இறக்கினார்கள், சங்கம் அவர்களைக் குடியேற்றத் துறைக்குக் காட்டிக்கொடுத்தது. 1974-இல் அரிசோனாவின் யூமா பக்கம் எல்லையிலேயே சங்க ஆட்கள் கூடாரம் போட்டு மறித்தார்கள், அடிதடியும் நடந்தது. அது தவறு, பெரிய தவறு. ஆனால் அது நிரூபிப்பது என்ன? கூலிக்காக ஒரு ஏழையை இன்னொரு ஏழைக்கு எதிராக நிறுத்த முடிந்தது என்பதைத்தான். அதற்கு முந்தைய நூறு வருடம் அதனால் அழிந்துவிடாது.

நீங்கள் ஃப்ரெஸ்னோவில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். 1948 ஜனவரி 28 அன்று மெக்சிகத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்ப ஏற்றிச் சென்ற விமானம் கோலிங்கா அருகே லாஸ் காட்டோஸ் பள்ளத்தாக்கில் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். விமான ஊழியர்கள், காவலர் என நான்கு பேரின் பெயர்கள் பல செய்திகளில் வந்தன, மற்ற 28 பேரை அவற்றில் நாடு கடத்தப்பட்டவர்கள் என்று மட்டும் சொன்னார்கள். நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி அந்தக் கோபத்தில்தான் ஒரு பாட்டு எழுதினார். அந்த 28 பேரையும் உங்கள் ஊர் ஹோலி கிராஸ் கல்லறையில் ஒரே குழியில் புதைத்து, மெக்சிகக் குடிமக்கள் 28 பேர் என்று ஒரு சின்னக் கல் வைத்திருந்தார்கள். பெயர்கள் பொறித்த கல் வந்தது 2013-இல், 65 வருடம் கழித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வந்து எழுதுங்கள்.