திறந்த பக்கத்தில் கிடைக்கும் வசனம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எனக்கு இரண்டு வேலைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று தூரத்தில், சம்பளம் அதிகம். மற்றது வீட்டுக்கு அருகில். உடல்நலமில்லாத அம்மாவைக் கூட இருந்து கவனிக்கலாம். பத்து நாளாகக் காலையில் ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்து, கண்ணில் படும் முதல் வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்கிறேன். ஒருநாள் ‘போ’ என்று வருகிறது, மறுநாள் ‘காத்திரு’ என்று வருகிறது. சுயபுத்தியில் சாய்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கர்த்தர் ஏன் என்னோடு பேசவில்லை? திங்கட்கிழமைக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும்.

எம்.

அன்புள்ள எம்.,

ஸ்தோத்திரம். கர்த்தரைக் கேட்காமல் ஓர் அடியும் வைக்கக் கூடாது என்ற உங்கள் தவிப்பைப் பெரிதாக மதிக்கிறேன். அருகில் குடியிருந்த கிபியோனியர், தூரதேசத்திலிருந்து வருவதாக நடித்துப் பூசணம்பூத்த அப்பத்தைக் காட்டியபோது, இஸ்ரவேலர் கண்ணால் கண்டதை நம்பி உடன்படிக்கை செய்துவிட்டார்கள். ‘கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்’ என்று யோசுவா 9 அந்தத் தவறைக் குறித்து வைத்திருக்கிறது. நீங்களோ கேட்கிறீர்கள். கேட்கும் விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பக்கத்தைத் திறந்து பதில் தேடுகிறவர்கள், ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினைச் சொல்வதுண்டு. 386-ல் மிலானில் ஒரு தோட்டத்தில் ‘எடுத்து வாசி’ என்ற குரல் கேட்டு, பவுலின் நிருபத்தைத் திறந்தார். ரோமர் 13-ன் வசனம் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. எதை விட வேண்டும் என்று தெரிந்தும் விட முடியாமல் வருஷக்கணக்காக அவர் போராடினாரோ, அதையே அந்த வசனம் சொன்னது. அதே அகஸ்டின் பிற்பாடு யனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைச் சீட்டுப்போல எடுத்து உலகக் காரியங்களுக்குப் பதில் தேடும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்கிறார்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். மேலதிகாரிமேல் கசப்போடு இருந்த ஒரு காலையில், ஆபிராமைப் புறப்படச் சொல்லும் ஆதியாகமம் 12 கண்ணில் பட்டது. அன்றே ராஜினாமா கொடுத்தேன். யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். பேசியது என் கசப்பு என்பதும், அதற்குக் கர்த்தருடைய பெயரை வைத்துவிட்டேன் என்பதும் புரிய இரண்டு வருஷம் ஆனது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

நீதிமொழிகள் 3:5 சுயபுத்தியின்மேல் சாயாதே என்கிறது. புத்தியைக் கழற்றி வைத்துவிடு என்று சொல்லவில்லை. ஆலோசனை கேள், ஞானத்தைத் தேடு என்று அந்தப் புத்தகமே அதிகாரத்துக்கு அதிகாரம் கெஞ்சுகிறதே! யாக்கோபு 1:5 வாக்களிப்பதும் ஞானத்தைத்தான். அதைக் கேட்கிறவர்களைத் தேவன் கடிந்துகொள்வதில்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. உங்கள் பயத்துக்கு இது மருந்தாகட்டும்.

அப்போஸ்தலர் 16-ஐ நிதானமாக வாசியுங்கள். பவுலுக்கு ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம்) வசனம் சொல்லத் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதற்கும் தடை. துரோவாவுக்கு வந்த பிறகுதான், ‘வந்து உதவிசெய்யும்’ என்று அழைக்கும் மக்கெதோனியனின் தரிசனம். நடந்துகொண்டிருந்தவருக்குத்தான் வழி அடைக்கப்பட்டது, நடந்துகொண்டிருந்தவருக்குத்தான் திறக்கப்பட்டது. தரிசனம் கண்டவர் பவுல் ஒருவர். ஆனால் ‘நாங்கள் நிச்சயித்துக்கொண்டு’ என்று லூக்கா எழுதுகிறார். உடன் இருந்தவர்களும் சேர்ந்தே அந்த முடிவுக்கு வந்தார்கள். அப்படிப் போன பிலிப்பியிலோ அடியும் சிறையும் கிடைத்தன. போன இடத்தில் கஷ்டம் வந்தால் வழி தவறிவிட்டோம் என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்தில் ஒரு பகுதி ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7-ல் கடுமையாகக் கண்டித்தார். அதனால் அம்மாவைத் தாங்க வேண்டுமா என்பதற்கு நீங்கள் அடையாளம் கேட்க வேண்டாம். எப்படித் தாங்குவது என்பதுதான் கேள்வி. அருகில் இருந்தா, கூடுதல் சம்பளத்தில் நல்ல சிகிச்சை கொடுத்தா? அம்மாவையே கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவரிடமும், உங்களை நன்றாக அறிந்த விசுவாசிகள் இருவரிடமும் பேசுங்கள். வேதத்தைத் தினமும் தொடர்ச்சியாக, ஒரு புத்தகமாக வாசியுங்கள்.

பிறகு ஜெபத்தோடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பித்தினியாவாக இருந்தால் அவர் தடுப்பார் என்று நம்பி நடங்கள். திங்கட்கிழமை வரை உங்கள் பெயரையும் அம்மாவையும் சொல்லி ஜெபிக்கிறேன். என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.