அல்சரும் மனச்சோர்வும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

அம்மாவுக்கு 58 வயது. எண்டோஸ்கோப்பி செய்து அல்சர் என்றார்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் குளிசை குடிக்கிறா. இப்போது விடியச் சாமம் மூன்று மணிக்கே எழும்பிவிடுகிறா. சமைக்க மனமில்லை, ஒருவரோடும் கதைப்பதில்லை. மனநல கிளினிக்கில் மனச்சோர்வுக்குப் புளுவொக்செட்டின் குளிசை தந்து ஐந்து நாளாகிறது, ஓங்காளம் வருகிறது. “யோசிச்சு யோசிச்சே வயிற்றைப் புண்ணாக்கிட்டா” என்று மாமா ஏசுகிறார். மனத்தைத் தேற்றினால் புண் ஆறிவிடுமா?

– வாசகி, களுவாஞ்சிகுடி

அன்பு மகளுக்கு,

முதலில் மாமாவின் ஏச்சை நிறுத்துங்கள். பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்ற கிருமி அல்லது வலிக்குளிசை. கிருமியின் பங்கைக் காட்டிய பரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மனச்சோர்வு வந்தால் சாப்பாடும் மருந்தும் தவறும், புண் ஆறப் பிந்தும். இரவு வலி நித்திரையைக் கெடுக்க, மனம் இன்னும் சோரும். இரண்டுக்கும் வைத்தியம் வேண்டும்.

எண்டோஸ்கோப்பியில் துணுக்கு எடுத்துக் கிருமி பார்த்தார்களா என்று கேளுங்கள். இருந்தால் வழமையாக 14 நாள் அன்டிபயோடிக் தருவார்கள்; பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாது. ஒமிப்ரசோலைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன் குடிக்க வேண்டும். சாப்பிட்ட பின் குடித்தால் பலன் குறையும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. அம்மா முழங்கால் உளைவுக்குப் பார்மசியில் டைக்ளோபெனாக் என்ற வலிக்குளிசை வாங்கிப் போடுகிறாவா? இரத்தம் உறைய, இரத்தத்திலுள்ள தட்டணுக்களுக்குச் செரட்டோனின் என்ற இரசாயனம் வேண்டும். புளுவொக்செட்டின் தட்டணுக்களில் அதைக் குறைக்கிறது. டைக்ளோபெனாக் இரைப்பையின் காப்புப் படலத்தைக் கெடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் புண்ணில் இரத்தம் கசியும் ஆபத்து கூடும். வலிக்குப் பரசிற்றமோல் போதுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். எல்லாக் குளிசை உறைகளையும் ஒரு பையில் போட்டு, இரண்டு கிளினிக்கிலும் காட்டுங்கள். ஒரு கிளினிக் தந்த மருந்து மற்றதற்குத் தானாகத் தெரியவராது.

ஓங்காளத்தை அல்சர் கூடிவிட்டது என்று நினைத்துப் பலர் மனக்குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். சாப்பாட்டோடு கொடுத்துப் பாருங்கள். மனம் தெளிய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

மலம் தார் போல் கறுத்து ஒட்டினாலோ, இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ, காத்திராமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும். அதைக் குடித்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். “இருந்து என்ன பயன்” என்று அம்மா சொன்னால் தனியே விடாமல், 1926 மனநல உதவி எண்ணுக்கு எடுங்கள்.